கரண்டி அக்கா வரிசையில் நின்ற கதை

அந்தச் சட்டைத் தொழிற்சாலையின் கேன்டீனில் மதிய மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் அமைதி வரும். அடுப்புகளைத் தணித்துவிடுவார்கள். பாத்திரம் உருளும் சத்தம் நிற்கும். உதவிக்கு இருக்கும் இரண்டு ஆண்களும் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவார்கள். தலைமைச் சமையல்காரி உப்புப் பார்க்கிற நேரம் அது.

நீளக் கைப்பிடி போட்ட கரண்டியை அண்டாவின் அடிவரைக்கும் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி மேலே எடுப்பாள். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, ஊதி, உறிஞ்சுவாள். கண்ணை மூடுவாள். "இன்னும் ஒரு பிடி" என்பாள். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த அண்டாவுக்கு நகர்வாள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் அந்த அண்டா தேறிவிட்டது என்று அர்த்தம். உதவியாளர்கள் மூச்சு விடுவார்கள்.

நானூறு பேருடைய மதியச் சாப்பாடு அந்த ஒரு நாக்கை நம்பித்தான் நடந்தது. அதனால் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கரண்டி அக்கா என்பார்கள். அவளைவிட இருபது வயது மூத்த தையல்காரர்களுக்கும் அவள் அக்காதான். சாப்பாடு போடுகிறவளிடம் வயதுக் கணக்குப் பார்த்து யாருக்கு என்ன லாபம்?

கல்யாணமாகி வெகு காலம் கழித்து, முப்பத்தாறாவது வயதில் அவளுக்கு வயிற்றில் குழந்தை தங்கியது. விஷயம் தெரிந்த அன்று கேன்டீன் பூராவும் ஒரே பேச்சு. "கொடுத்துவெச்ச குழந்தைப்பா" என்றார் துணி வெட்டும் பெரியவர். "பசின்னா என்னன்னே தெரியாம வளரப்போகுது." எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அது உண்மை என்றுதான் அவளும் நினைத்தாள்.

வீட்டில் கதை வேறு மாதிரி. கரண்டி அக்காவுக்கு இரண்டு பேருக்குச் சமைக்க வராது. கல்யாணமான புதிதில் முயன்று பார்த்தாள். பருப்பு வேக வைத்தால் பக்கத்து நான்கு வீட்டுக்குக் கொடுத்தும் மீந்தது. கை அப்படிப் பழகிவிட்டது. உப்பென்றால் பிடி, எண்ணெய் என்றால் குவளை. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பொறுமைசாலி. ஒரு வாரம் பார்த்தான், பிறகு அடுப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். தனக்கு வேண்டியதை அவனே சமைத்துக்கொள்வான். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பான்.

"சாப்பிட்டியா?"

"காலையிலேர்ந்து சாப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். ஒரு டீ மட்டும் போடுங்க."

அவன் டீ போடுவான். அதில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள். பல வருஷமாக நடக்கிற ஏற்பாடு இது. இரண்டு பேருக்கும் அதில் குறையில்லை.

ஆறாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் அவளை எடை பார்க்கும் மெஷினில் இரண்டு தரம் ஏற்றி இறக்கினாள். பிறகு படுக்க வைத்து வயிற்றின் மேல் அளவு நாடாவை வைத்தாள். அதையும் இரண்டு தரம்.

"போன மாசம் இருந்த அதே எடைதான் காட்டுது" என்றாள் நர்ஸ்.

"மெஷின் மக்கர் பண்ணுதோ என்னவோ."

"உங்களுக்கு முன்னாடி வந்தவங்களுக்கெல்லாம் ஏறிச்சேம்மா." நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சின்ன வயதுதான், ஆனால் அவசரப்படாத முகம். "டாக்டர் ஸ்கேனைப் பாத்துட்டாங்க. குழந்தைக்குக் குறை ஒண்ணும் இல்ல. ஆனா இந்த மாசத்துக்கு இருக்க வேண்டியதைவிடச் சின்னதா இருக்கு. உங்க ரத்தம், பிரஷர் எல்லாம் பரவாயில்ல. சாப்பாட்டுலதான் எங்கயோ குறையுது. முக்கியமா புரதம்."

"புரதம்னா முட்டை, மீன், பருப்பு, பயறு. அதானே?"

"அதேதான்."

கரண்டி அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "நான் கேன்டீன் சமையல்காரி மேடம். அதுலயே புழங்குறவ."

"நல்லதாப் போச்சு. நேத்து மதியம் என்ன சாப்பிட்டீங்க?"

"கோழி. கொண்டைக்கடலை. முட்டை. தயிர்."

"எவ்வளவு?"

"கோழி எண்பது கிலோ" என்றாள் அக்கா, யோசிக்காமலே. "கடலை ஊற வெச்சு ரெண்டு அண்டா. முட்டை ஆளுக்கு ஒண்ணு, கையோட கொஞ்சம் கூடுதலா…"

நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள். "நான் தொழிற்சாலையைக் கேக்கலம்மா. உங்களைக் கேட்டேன்."

கரண்டி அக்கா விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். தனக்கு எவ்வளவு என்ற கேள்வி இதற்கு முன் அவளிடம் வந்ததே இல்லை. "எல்லாத்துலயும் சாப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

நர்ஸ் விடாமல் விளக்கினாள். குழந்தையின் தசை, ரத்தம், அதைச் சுமக்கிற கருப்பை, அத்தனையும் வளர்வதற்குப் புரதம்தான் வேண்டும். "ஒவ்வொரு வேளையும் உங்க உள்ளங்கை அளவுக்கு, விரலை விட்டுட்டு, முட்டையோ மீனோ கோழியோ இருக்கணும். இல்லேன்னா ஒரு கிண்ணம் நிறையப் பயறோ பருப்போ. நடுவுல பால், தயிர், வேர்க்கடலை. மாத்தி மாத்திச் சாப்பிடலாம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

"அதுக்குள்ள ஏறலைன்னா?"

"வேலையை நிறுத்திட்டு, பெரிய ஆஸ்பத்திரியில தங்க வெச்சுப் பாக்கணும்னு டாக்டர் சொல்றாங்க. அந்த அளவுக்குப் போக வேண்டாம்னுதான் இவ்வளவு பேசுறேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அகலமான கை. ஓரத்தில் பழைய சூட்டுத் தழும்பு. இந்த அளவு மூன்று வேளையா? நான் இதைவிட அதிகமாக அல்லவா சாப்பிடுகிறேன்? காலையிலிருந்து மணி அடிக்கிறவரை வாய் ஓய்வதில்லையே. பின் அந்தச் சின்ன உயிருக்கு ஏன் போய்ச் சேரவில்லை? வேலை போகும் என்பது இரண்டாவது கவலை. முதல் கவலை வயிற்றுக்குள் இருந்தது, சின்னதாக இருந்தது.

கணவனிடம் சொன்னாள். அவன் டீயை ஆற்றிக்கொண்டே முழுதும் கேட்டான்.

"மோட்டார் ஓடுது, கரண்ட் வருது, பெட்டி மட்டும் மேல ஏறலைன்னா கயிறு எங்கயோ நழுவுதுன்னு அர்த்தம்" என்றான்.

"நான் என்ன லிஃப்டா?"

"இல்ல. ஆனா நடுவுல எங்க நழுவுதுன்னு பாக்கணும்ல. நீ வாயில போடுறது எவ்வளவுன்னு என்னைக்காவது கண்ணால பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. தூக்கம் வருகிறவரை அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அடுப்பு மூட்டியதும் ஒரு காலிக் கிண்ணத்தை எடுத்து மேடையின் ஓரத்தில் வைத்தாள். ருசி பார்க்க ஒரு வாய் எடுத்தால் அதே அளவு இன்னொரு வாய் அந்தக் கிண்ணத்துக்குள். கோழியில் காரம் பார்த்தபோது ஒன்று. பருப்பில் புளிப்புப் பார்த்தபோது ஒன்று. உப்புக்கு முன் ஒன்று, உப்புக்குப் பின் ஒன்று. கடலை வெந்ததா என்று நசுக்கிப் பார்த்ததையும் அதில் போட்டாள். உதவியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பெரியவன் சின்னவனுக்குச் சைகை காட்டினான்.

மணி அடித்து, சாப்பாடு வெளியே போன பிறகு கிண்ணத்தை எடுத்துப் பார்த்தாள்.

தண்ணீர். மேலே எண்ணெய் மிதக்கும் பழுப்புத் தண்ணீர். அடியில் நசுங்கிய கடலை இரண்டு, கோழியிலிருந்து பிரிந்த நார் ஒன்று. சமையல்காரி ருசி பார்ப்பது சாற்றைத்தான், துண்டை அல்ல. உப்பும் காரமும் சாற்றில்தானே இருக்கிறது. வருஷக்கணக்காக அவள் சாப்பிட்டது சாப்பாட்டின் நிழல்.

கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனாள். அங்கே இருப்பவளை எல்லோரும் சித்தி என்பார்கள். முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றவளிடம் கிண்ணத்தைக் காட்டினாள்.

"சித்தி, இதைப் பாத்தா உனக்கு என்ன தோணுது?"

"கழுவணும்னு தோணுது. குடு இங்க."

"இதுதான் இன்னைக்கு நான் சாப்பிட்டது. மொத்தமே."

சித்தி எட்டிப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "நீ ஏதோ வீட்டுலேர்ந்து டப்பா கொண்டுவந்து சாப்பிடுறேன்னு நினைச்சேன்டி" என்றாள். "உன் தட்டு இந்தத் தொட்டிக்கு வந்ததே இல்லையே. வெளியில நானூறு தட்டு, உள்ள உதவிக்காரனுங்க தட்டு, காவலாளி தட்டு, மேனேஜர் தட்டு, அவர் கொண்டு வர்ற விருந்தாளி தட்டு. எல்லாம் வருது. உன்னோடது மட்டும் கிடையாது."

"ஏன் சித்தி எங்கிட்டச் சொல்லல?"

"சமையல்காரிகிட்டப் போய், நீ சாப்பிட்டியான்னு கேட்டா சிரிக்க மாட்டாங்க?"

இது அவளுடைய தொழிலுக்கே உரிய தப்பு. வேறு யாருக்கும் வாய்க்காது. காலை முழுதும் ஆவியிலும் வாசனையிலும் நின்று, வாய் வாயாக ருசி பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு மதியம் பசி எடுக்காது. வயிறு நிறைந்துவிட்டது என்று நாக்கு பொய் சொல்லும். மசக்கை வந்த பிறகு வறுக்கிற வாசனையே குமட்ட, அந்தப் பொய்க்கு வசதியாகப் போயிற்று. எல்லோரும் எழுந்த பிறகு அவள் அண்டாவை எட்டிப் பார்த்தால் அதில் துண்டு இருக்காது. துண்டு முதலில் வரிசைக்கு. கடைசியில் நிற்கிற ஆளுக்கும் முழுதாகப் போய்ச் சேர வேண்டும். அது அவளே போட்ட சட்டம். அந்தச் சட்டத்தில் அவளுக்கு ஒரு கர்வமும் இருந்தது.

இனி தனக்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். மறுநாள் ஒரு தட்டில் மீன் துண்டு, பயறு, அவித்த முட்டை எல்லாம் வைத்து, மூடி போட்டு, அலமாரியில் வைத்தாள். மணி அடித்தது. வரிசை நகர்ந்தது. கடைசியில் பொத்தான் தைக்கும் பெண் ஒருத்தி, மெஷின் கோளாறால் தாமதமாகி, வாடிய முகத்தோடு ஓடி வந்தாள். மீன் தீர்ந்திருந்தது. அக்காவின் கை அதுபாட்டுக்கு அலமாரிக்குப் போனது. அந்தப் பெண் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்து, நன்றாக இருந்ததக்கா என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

மூன்றாம் நாளும் அதே கதை. அன்றைக்கு வாங்கிச் சாப்பிட்டவன் காவலாளி.

பரிமாறும் இடத்தில் நிற்பவளை எல்லோரும் அண்ணி என்பார்கள். வாய் நீளம், மனசில் ஒன்றும் இருக்காது. அண்ணிக்குச் சித்தி மூலம் சங்கதி போயிருந்தது. காவலாளி தட்டை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்ததும் அவள் கரண்டியை இடுப்பில் ஊன்றினாள்.

"உனக்கு எடுத்து வெக்கிறதும் ஒண்ணுதான், தெருவுல வெக்கிறதும் ஒண்ணுதான். கண்ணு முன்னாடி ஒருத்தன் பசியோட நின்னா உன்னால தாங்க முடியாது. அதனால நீ உள்ள நிக்கக் கூடாது."

"பின்ன எங்க நிக்கிறது?"

"வரிசையில. தட்டை எடுத்துக்கிட்டு எனக்கு எதிர்ல வந்து நில்லு. மத்தவங்க மாதிரி."

"நானா? வரிசையிலயா? அந்த நேரத்துக்கு அடுப்பை யாரு பாப்பா?"

"அடுப்பு எங்க ஓடிப்போகப் போகுது? ரெண்டு ஆம்பளைங்க சும்மாதானே சுவத்துல சாஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க."

சமையற்கூடத்து ஆட்கள் வரிசையில் நின்றதாக அந்தக் கேன்டீனில் சரித்திரம் கிடையாது. கரண்டி அக்கா ராத்திரி கணவனிடம் இதைச் சொல்லிக் கூச்சப்பட்டாள். அவன், "நில்லு, நிக்கிறதுக்கு என்ன வந்துச்சு? நானும் சில நேரம் நான் ரிப்பேர் பண்ணுன லிஃப்ட்லயே ஏறிப் போறேனே" என்றான்.

மறுநாள் மணி அடித்ததும் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முகம் கழுவினாள். பக்கக் கதவு வழியாகக் கூடத்துக்குள் வந்து, தட்டொன்றை எடுத்துக்கொண்டு, துணி வெட்டும் பெரியவருக்குப் பின்னால் நின்றாள்.

நானூறு பேரில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னக்கா, சாப்பாடு சரியில்லைன்னு நீங்களே சோதனை போட வந்துட்டீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"உள்ள வேற ஆள் போட்டுட்டாங்க போல" என்றது இன்னொரு குரல். அதில் நிஜமான பயம் இருந்தது.

பெரியவர் திரும்பி அவள் வயிற்றைப் பார்த்தார், கையிலிருந்த தட்டைப் பார்த்தார். ஏதோ புரிந்தவர் போல, "முன்னாடி போம்மா" என்று விலகினார்.

"வேண்டாம்ணே. இந்த இடமே நல்லாத்தான் இருக்கு."

அண்ணி வேண்டுமென்றே அவளை மற்றவர்களைப் போலவே நடத்தினாள். "தட்டை நேராப் பிடி. கடலை வேணுமா, பருப்பு வேணுமா?"

"ரெண்டும்."

"ரெண்டும் கேட்டா பின்னாடி இருக்கிறவங்க என்னை அடிப்பாங்க."

"குடும்மா தாயே, நாங்க அடிக்க மாட்டோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வரிசை முழுதும் சிரித்தது. அண்ணி இரண்டையும் போட்டாள், முட்டையும் வைத்தாள். கோழியை அக்கா கையால் தடுத்துவிட்டாள், வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப இன்னொரு முட்டை" என்று அண்ணி அதை உருட்டிவிட்டாள்.

கரண்டி அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். கேன்டீனில் தான் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. முதல் வாய் சரியாக இருந்தது. இரண்டாவதும் சரியாக இருந்தது. பாதித் தட்டு வந்தபோது தண்ணீருக்குக் கை போயிற்று. சுற்றிலும் பார்த்தாள். எல்லோர் பக்கத்திலும் பெரிய பெரிய தண்ணீர்ச் சொம்புகள்.

எதிரே இருந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோ?"

அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "அதுதானேக்கா உங்க கைப்பக்குவம்? அப்படித்தான் நாங்க நினைச்சுக்கிட்டு இருக்கோம்."

ஒரு வாய்க்குச் சரியாக இருக்கும் உப்பு ஒரு தட்டுக்குக் கூடுதல் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. காது சூடாயிற்று. ஆனால் தட்டை வைக்கவில்லை. கடைசிக் கடலைவரை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். உள்ளே போனபோது அடுப்புகள் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தன, அடுத்த ஷிப்டுக்குப் பருப்பு கழுவி வைத்திருந்தார்கள், யாரும் அவளைத் தேடவே இல்லை. அதில்தான் கொஞ்சம் வருத்தம்.

மறுநாள் உப்பைக் குறைத்தாள். கேன்டீன் கொந்தளித்தது. "அக்காவுக்கு நாக்கு போச்சு" என்றார்கள். வார முடிவுக்குள் பழகிக்கொண்டார்கள். தண்ணீர்ச் சொம்புகள் பாதி நிறைந்தபடியே திரும்பி வர, சித்தி மட்டும் யாருக்கும் காரணம் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டிலும் ஏற்பாடு மாறியது. கணவன் இரண்டு பேருக்குச் சமைத்தான். காலையில் அவள் கிளம்புவதற்கு முன் முட்டையும் பாலும். சாயங்காலம் பயறு, மீன், சில நாள் தயிரோடு வேர்க்கடலை. உப்பு சில நாள் இருந்தது, சில நாள் இல்லை. அவன் பதைப்போடு முகத்தைப் பார்ப்பான். அவள் வேண்டுமென்றே கண்ணை மூடி, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வாய் எடுப்பாள்.

"நல்லா இருக்குன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"வாயில சாப்பாடு இருக்கு" என்பாள்.

சொன்ன நாளில் இரண்டு பேரும் பரிசோதனைக்குப் போனார்கள். மெஷினில் ஏறும்போது அவள் செருப்பைக் கழற்றினாள், வளையலையும் கழற்றினாள். எதற்கு என்று நர்ஸ் கேட்டாள். "பின்னாடி வளையல் எடைன்னு சொல்லிடக் கூடாதுல்ல" என்றாள்.

முள் நகர்ந்தது. நர்ஸ் குனிந்து பார்த்து, தலையை ஆட்டினாள். படுக்க வைத்து அளவு நாடாவை வைத்தாள். ஒரே தரம்தான்.

"ஏறியிருக்கு. வயிறும் வளந்திருக்கு. இப்படியே போனா ஆஸ்பத்திரியில தங்க வேண்டாம், வேலைக்கும் போகலாம், ஆனா கால் வீங்கினா உக்காந்துடணும்" என்றாள். பிறகு, "குழந்தை பிறந்து பால் குடுக்கும்போதும் இதே மாதிரி சாப்பிடணும், தெரியுமா? அப்பவும் உங்களுக்குக் கூடுதலாத்தான் வேணும்."

கணவன் சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் மேலே சுழலும் மின்விசிறியை ஆராய்ந்தான்.

நர்ஸ் வயிற்றின் மேல் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைத் தேடினாள். டக் டக் என்று வேகமாக அறையெல்லாம் கேட்டது. கரண்டி அக்கா கொஞ்ச நேரம் அசையாமல் அதைக் கேட்டபடி படுத்திருந்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"இன்னும் நேரமாகுமா மேடம்? பசிக்குது."